வீட்டுப் பொதுப்பணம் 18 லட்சம், ஆறு மாசம்: டி-பில்லா, லிக்விட் ஃபண்டா, எஃப்டியா?

எங்க வீடு செட்டிநாட்டுல பள்ளத்தூர்ல. ஒன்பது புள்ளி, அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பம், ஒரே வீடு, யாரும் அங்க குடியில்ல, பூட்டித்தான் கிடக்கு, விசேஷம்னா மட்டும் திறப்போம். போன ஐப்பசி மழையில வீட்டோட ரெண்டாம் கட்டுல ஓடு ஒழுகி, முற்றமும் சுத்துத் தாழ்வாரமுமா உள்ள வளவுல தண்ணி நின்னுச்சு, உத்தரத்துல ஒரு இடத்துல கையை வச்சா மரம் மாவா உதிருது. சரின்னு ஆவணியில எல்லாரும் பேசி புள்ளிக்கு 2 லட்சம் போட்டு 18 லட்சம் சேத்தோம். ஆசாரி சொல்லிட்டாரு, அடைமழை முடியாம ஓட்டைப் பிரிக்க மாட்டேன், தை பொறக்கட்டும்னு. ஆக காசு ஆவணியில கையில, செலவு தையில இருந்து மாசி வரைக்கும். நடுவுல இந்த ஆறு மாசம் அதை எங்க வைக்கறதுங்கறதுதான் என் தலையில விழுந்த வேலை, ஏன்னா கணக்குப் புள்ளை நான்தான்.

முன்ன ஒரு தடவை இதே மாதிரி காசை எஃப்டியில போட்டு பட்ட பாடு இருக்கு. ஆறு மாசம்னு போட்டோம், முடிஞ்ச அன்னைக்கு யாரும் பாக்கல, தானா ரினியூ ஆயி ஒரு வருஷத்துக்குப் போயிருச்சு. காசு வேணும்னு போய் நின்னா மூணு பேர் கையெழுத்து, அதுல ஒருத்தர் மலேசியாவுல. உடைச்சதுக்கு ஒரு பர்சென்ட் வட்டியில பிடிச்சுக்கிட்டாங்க. பேங்க் பேர் சொல்ல வேணாம், தப்பு பாதி எங்களோடது. ஆனா அன்னைக்கு ஒண்ணு மனசுல ஏறிருச்சு, ஆறு மாசக் காசுக்கு வட்டி எவ்வளவுன்னு பாக்கறதுக்கு முன்னாடி எந்தத் தேதிக்கு யார் கையெழுத்துல வெளிய வரும்னு பாக்கணும்.

வாட்ஸாப்ல யோசனை மழையா கொட்டுச்சு. ஒரு அண்ணன், தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட ரெண்டு வட்டிக்கு விடலாம், வருஷத்துக்கு 24 ஆச்சேன்னாரு. நம்ம ஊர்ல இது சொல்லாம விட்டாத்தான் ஆச்சரியம். பொதுப்பணத்தை அப்படி விட முடியாது அண்ணே, வரலைன்னா நான் எட்டு பேருக்கு பதில் சொல்லணும்னு ஒரே வரியில முடிச்சுட்டேன். சிங்கப்பூர்ல இருக்கற தம்பி, அரசாங்க டி-பில் ஃபண்டுல போடுங்கண்ணே, ரிஸ்க்கே இல்ல, போன வருஷம் 7% குடுத்திருக்குன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டான். அந்த ஸ்கிரீன்ஷாட்ல இருந்துதான் நான் தோண்ட ஆரம்பிச்சேன், ஏன்னா அந்த ஒரு வாக்கியத்துல மூணு தப்பு இருக்கு.

முதல்ல டி-பில், அதாவது ட்ரெஷரி பில்னா என்னன்னு சொல்லிடறேன். கவர்மென்ட் குறுகிய காலத்துக்கு வாங்கற கடன், 91 நாள், 182 நாள், 364 நாள்னு மூணு அளவு. இதுக்கு வட்டின்னு தனியா கிடையாது, 100 ரூபா பத்திரத்தைக் குறைச்ச விலைக்கு வாங்கறோம், முடிவுல முழு 100 வருது, அந்த வித்தியாசம்தான் வருமானம். உதாரணமா 91 நாள் பில் 98.65க்குக் கிடைச்சா 5 லட்சம் முகமதிப்புக்கு 4,93,250 கட்டறோம், 91 நாள் கழிச்சு 5,00,000 வருது. லாபம் 6,750, வருஷக் கணக்குல கிட்டத்தட்ட 5.49%. ரிசர்வ் பேங்க் வாராவாரம் புதன்கிழமை ஏலம் விடுது, வழக்கமா வியாழக்கிழமை பத்திரம் நம்ம கணக்குல ஏறிடும். 91ங்கறது சரியா 13 வாரம், அதனால வியாழன் வாங்கினது வியாழக்கிழமையே முடியும். தேதி பாத்து வேலை வைக்கறவனுக்கு இது ஒரு நிம்மதி.

நம்ம செட்டிநாட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. பர்மாவுல வட்டிக்கடை வச்சிருந்த காலத்துல ரெண்டு விதமா காசு வாங்குவாங்க, எப்ப வேணா எடுத்துக்கலாம்னா நடப்பு வட்டி, அது மாசாமாசம் மாறும், ரெண்டு மூணு மாசத்துக்கு எடுக்க மாட்டேன்னு போட்டா தவணை வட்டி, அது கொஞ்சம் கூட, போட்ட அன்னைக்கே நிச்சயம். குறுகிய காலக் கடன் பத்திரத்துல போடற மியூச்சுவல் ஃபண்டுங்களான ஓவர்நைட் ஃபண்டு, லிக்விட் ஃபண்டு ரெண்டும் நடப்பு. நேரா வாங்கி முடியற வரைக்கும் வச்சிருக்கற டி-பில் தவணை. எங்க பெரியப்பச்சிகிட்ட அரை மணி நேரம் ஃபண்டு, அதோட யூனிட் விலையான என்ஏவின்னு விளக்கிப் பாத்து ஒண்ணும் ஏறல, நடப்பு தவணைன்னு சொன்னவுடனே சரி புரிஞ்சுருச்சு மேல சொல்லுன்னாரு. இந்தியாவுல டி-பில் வந்தது 1917ல, முதல் உலகப்போர் நடக்கறப்ப. அந்த நாள்ல நம்ம அய்யாக்கள் ரங்கூன்ல தவணைக்குக் காசு வாங்கிக்கிட்டு இருந்திருப்பாங்க.

இப்ப தம்பியோட மூணு தப்புக்கு வர்றேன்.

தப்பு ஒண்ணு, இங்க டி-பில் ஃபண்டுன்னு தனி இனமே கிடையாது. அமெரிக்காவுல டி-பில்லை மட்டும் வச்சிருக்கற ஈடிஎஃப், அதாவது பங்குச்சந்தையில வாங்கி விக்கற ஃபண்டு, நிறைய உண்டு, அவன் படிக்கறது அதைப் பத்தி. மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபி வகுத்த வகையில நமக்குக் கிடைக்கறது ஓவர்நைட், லிக்விட், மணி மார்க்கெட், அல்ட்ரா ஷார்ட் இப்படி. ஓவர்நைட் ஃபண்டு ஒரே நாள்ல முடியற பேப்பர்ல (கடன் பத்திரத்தை இப்படித்தான் சொல்வாங்க) மட்டும் போடும், பெரும்பாலும் அரசுப் பத்திரத்தை ஈடா வாங்கிக்கிட்டு ஒரு ராத்திரிக்குக் குடுக்கற கடன். லிக்விட் ஃபண்டு 91 நாளுக்குள்ள முடியற எதையும் வாங்கலாம், டி-பில்லும் வாங்கலாம், பேங்க் குடுக்கற டெபாசிட் பத்திரமான சிடியும் வாங்கலாம், கம்பெனி குடுக்கற கமர்ஷியல் பேப்பரும் வாங்கலாம். அதனால லிக்விட்னு பேர் ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்கற சரக்கு வேற வேற. ஒண்ணுல பாதிக்கு மேல அரசு பேப்பர் இருக்கும், இன்னொண்ணுல அஞ்சுல ஒரு பங்கு கூட கஷ்டப்பட்டு இருக்கும், அந்த அஞ்சுல ஒரு பங்கும் ரொக்கம், அரசு பேப்பர் மாதிரி சட்டுனு காசாகறதுல இருக்கணும்னு செபி கட்டாயம் பண்ணதால. குவாண்டம் லிக்விட், பராக் பாரிக் லிக்விட் மாதிரி சிலது அரசு பேப்பர் பக்கமே சாயற பாணி. பேர் சொன்னது சிபாரிசு இல்ல, மாசாமாசம் வர்ற ஃபேக்ட்ஷீட்டைத் திறந்து நீங்களே பாருங்க. அதுல ரிஸ்க் கிளாஸ்னு ஒரு கட்டம் இருக்கும், ஏ-1னு ரோமன் எண்ல போட்டிருந்தா கடன் ரிஸ்க்கும் வட்டி ரிஸ்க்கும் ரெண்டுமே கீழ் வரிசை. முதல் எழுத்து பி ஆச்சுன்னா தரத்துல கொஞ்சம் கீழ உள்ள கம்பெனி பேப்பரும் எடுக்க இடம் விட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

தப்பு ரெண்டு, போன வருஷம் 7% குடுத்தது. அது போன வருஷம் குடுத்தது, அவ்வளவுதான். இந்த ஃபண்டுக்குள்ள இருக்கறது எல்லாம் மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சு புதுசா வாங்கறது, அதனால ரிசர்வ் பேங்க் ரெப்போவை, அதாவது தான் பேங்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டியை, குறைச்சா மூணே மாசத்துல ஃபண்டோட வருமானமும் இறங்கிடும். 2025 ஆரம்பத்துல ரெப்போ 6.50. பிப்ரவரியில 6.25, ஏப்ரல்ல 6, ஜூன்ல 5.50, டிசம்பர்ல 5.25. நாங்க காசு சேத்தப்ப 91 நாள் பில் அஞ்சரைக்குப் பக்கம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஆனா ஆப்ல ஒரு வருஷ ரிட்டர்ன்னு தெரிஞ்சது பழைய ஆறரை வட்டிக் காலத்தையும் சேத்த சராசரி. 2020 கொரோனா நேரத்துல ரெப்போ 4க்கு வந்தப்ப இதே ஃபண்டுங்க மூணு, மூணரைன்னு தவழ்ந்ததும் ஞாபகம் இருக்கட்டும். பாக்க வேண்டியது போர்ட்ஃபோலியோ யீல்டு, அதாவது ஃபண்டு இப்ப வச்சிருக்கற பேப்பருங்க தர்ற வருமானம், அதுல இருந்து ஃபண்டு பிடிக்கற செலவு விகிதத்தைக் கழிச்சா அடுத்த ரெண்டு மாசத்துக்குத் தோராயமா என்ன வரும்னு தெரியும்.

தப்பு மூணு, ரிஸ்க்கே இல்லங்கறது. இதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா ரெண்டு ரிஸ்க் இருக்கு, ஒண்ணு கொசு, ஒண்ணு பாம்பு.

கொசு வட்டி ரிஸ்க். மார்க்கெட் வட்டி திடீர்னு ஒரு பர்சென்ட் ஏறிடுச்சுன்னு வைங்க, சராசரி 45 நாள் பாக்கி உள்ள ஃபண்டோட மதிப்பு கிட்டத்தட்ட 0.12% இறங்கும். 18 லட்சத்துல 2,200 ரூபா சொச்சம். ஃபண்டு ஒரு நாளைக்கு சம்பாதிக்கறது 5.5% கணக்குல 270 ரூபா, ஆக எட்டு ஒன்பது நாள் வருமானம் போச்சு, அப்புறம் புது வட்டியில ஓட ஆரம்பிச்சுரும். 2013 ஜூலையில ரூபாயைக் காப்பாத்த ரிசர்வ் பேங்க் வட்டியைச் சட்டுனு ஏத்தினப்ப லிக்விட் ஃபண்டுங்க ஒரு நாள் நஷ்டம் காட்டுச்சு, ஜனங்க பயந்தாங்க, உக்காந்திருந்தவங்களுக்குக் கொஞ்ச நாள்ல சரியாயிருச்சு. கடிச்சா அரிக்கும், அவ்வளவுதான்.

பாம்பு கடன் ரிஸ்க். ஃபண்டுல 2% ஒரு கம்பெனி பேப்பர்ல இருந்து அது திரும்ப வரலைன்னா 2% போச்சு. 18 லட்சத்துல 36,000, அதாவது கிட்டத்தட்ட நாலரை மாச வருமானம் ஒரே ராத்திரியில. நடக்காதுன்னு சொல்லாதீங்க, 2017ல ஒரு லிக்விட் ஃபண்டு காகிதம் தயாரிக்கற ஒரு கம்பெனியோட கடனால ஒரே நாள்ல 7%க்கு மேல விழுந்துச்சு. 2018ல ஐஎல் அண்ட் எஃப்எஸ்னு ஒரு பெரிய நிதிக் கம்பெனி, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் ஏஏஏன்னு உச்ச ரேட்டிங், அது கவுந்தப்ப சில லிக்விட் ஃபண்டுங்களும் அடி வாங்குச்சு. 2020 ஏப்ரல்ல ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டை மூடினாங்க, அதுல லிக்விட் ஃபண்டு கிடையாது, ஆனா அல்ட்ரா ஷார்ட் ஒண்ணு இருந்துச்சு, குறுகிய காலம்னு நம்பிப் போட்டவங்க மாட்டிக்கிட்டாங்க. பணம் பின்னால தவணை தவணையா வந்துச்சுதான், ஆனா ஓட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு நிக்கற ஆசாரிகிட்ட பின்னால வரும்னு சொல்ல முடியுமா?

இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் கூடுதல் வருமானத்தை எடை போடணும். கம்பெனி பேப்பர் நிறைஞ்ச ஃபண்டு 5.8 குடுக்குது, அரசு பேப்பர் ஃபண்டு செலவு போக 5.3 குடுக்குதுன்னு வைங்க. ஆறு மாசத்துல 18 லட்சத்துக்கு 52,200, 47,700. வித்தியாசம் 4,500, ஒன்பதால வகுத்தா புள்ளிக்கு 500 ரூபா. அந்த 500க்காக புள்ளிக்கு 4,000 போற வாய்ப்பை, அது எவ்வளவு சின்னதா இருந்தாலும், பொதுப்பணத்துல நான் ஏன் எடுக்கணும்? என் சொந்தக் காசா இருந்தா வேற மாதிரி யோசிச்சிருப்பேன், அதையும் சொல்லிடறேன்.

மிச்ச ரெண்டு வழியையும், சேவிங்ஸும் எஃப்டியும், சீக்கிரம் பாத்துடலாம். சேவிங்ஸ் கணக்கு, பெரிய பேங்க்ல ரெண்டரை, ஆறு மாசத்துக்கு 22,500. அதுல மொத்தத்தையும் விட்டா பாதிக்கு மேல விட்டுக் குடுக்கறோம், ஆனா ராத்திரி எட்டு மணிக்கும் ஞாயித்துக்கிழமையும் பெரிய தொகையா காசு வர்ற ஒரே இடம் அதுதான். எஃப்டி, நான் விசாரிச்ச இடத்துல 180 நாளைத் தொட்டா அஞ்சரையைத் தாண்டி ஒரு ரேட், ஒரு நாள் குறைஞ்சாலும் அஞ்சு. அதாவது ஆசாரி ரெண்டு வாரம் முன்னாடி வர்றேன்னு சொன்னா நம்ம ரேட்டே மாறிடும், மேல அபராதம் வேற. டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான், பெரிய பேங்க்ல அதுக்காக நான் தூக்கம் கெடுத்துக்க மாட்டேன், சின்ன கூட்டுறவு பேங்க்ல அரை பர்சென்ட் கூடுதல்னு ஆசை காட்டினா யோசிப்பேன். நிச்சயமா தேதி தெரியும், கம்ப்யூட்டர் தொட மாட்டேங்கறவங்களுக்கு எஃப்டி ஒண்ணும் கெட்ட சாய்ஸ் இல்ல, ஆட்டோ ரினியூவல் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போட வேண்டிய எல்லாரும் ஊர்ல இருக்கணும்.

டி-பில்லை நேரா வாங்கறதுக்கு ரிசர்வ் பேங்க்கோட ரீடெய்ல் டைரக்ட்னு ஒரு போர்ட்டல், 2021 நவம்பர்ல வந்துச்சு, கணக்குக்குக் கட்டணம் இல்ல, 10,000 ரூபாயில இருந்து வாங்கலாம். ஏலத்துல நாம விலை சொல்ல வேணாம், பெரியவங்க கேட்ட விலையோட சராசரி எதுவோ அதுல நமக்கு ஒதுக்குவாங்க. சொல்றதுக்கு ஈஸி, ஆனா கணக்கு தொறக்க எனக்குப் பத்து நாள் ஆச்சு. காரணம் இனிஷியல். நமக்கு அய்யா (தாத்தா) பேர் ஒண்ணு அப்பச்சி (அப்பா) பேர் ஒண்ணுன்னு ரெண்டு எழுத்து, பான்ல அது விரிஞ்சு முழுப் பேரா இருக்கு, ஆதார்ல ஒரு எழுத்துதான், பேங்க் பாஸ்புக்ல ரெண்டும் ஒட்டி ஒரே வார்த்தை. மூணும் மூணு ஆளுன்னு மிஷின் நினைச்சுக்குச்சு. செட்டிநாட்டு ஆளுங்க யாரா இருந்தாலும் ஏலத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே இந்த வேலையை ஆரம்பிங்க.

டி-பில்லோட குறை ஒண்ணுதான், நடுவுல காசு வேணும்னா சிரமம். வித்துக்கலாம்னு போர்ட்டல்லயே வசதி இருக்கு, ஆனா சின்ன அளவுக்கு வாங்கற ஆள் வரணும், அவன் சொல்ற விலைக்குத்தான் போகும். முடியற வரைக்கும் வச்சிருந்தா நடுவுல மார்க்கெட் ஏறினாலும் இறங்கினாலும் நமக்கு ஒண்ணுமில்ல, போட்ட அன்னைக்கே கடைசித் தொகை தெரியும். லிக்விட் ஃபண்டுல இது தலைகீழ், எந்த நாளும் எடுக்கலாம், ஆனா கடைசித் தொகை அன்னைக்குத்தான் தெரியும். எடுக்கறதுலயும் சின்ன சங்கதி இருக்கு, இன்னைக்கு மூணு மணிக்குள்ள சொன்னா அடுத்த வேலை நாள்தான் பேங்க்ல விழும், உடனடியா எடுக்கற வசதி உள்ள ஃபண்டுல ஒரு நாளைக்கு 50,000 வரைக்கும்தான். முதல் ஆறு நாளுக்குள்ள எடுத்தா எக்ஸிட் லோடுன்னு ஒரு பிடித்தம் உண்டு, அதிகபட்சம் 0.0070%, 18 லட்சத்துக்கே 126 ரூபா, அதுக்கெல்லாம் கவலைப்பட வேணாம். டைரக்ட் பிளானா, ஏஜென்ட் கமிஷன் சேந்த ரெகுலரான்னு பாருங்க, அஞ்சு சொச்சம் வர்ற இடத்துல கால் பர்சென்ட் கூடப் பெரிசு.

எங்க ஆச்சி ஒருத்தங்க கேட்டாங்க, மாசாமாசம் வட்டி வருமாப்பான்னு. அவங்க கேட்டது அவங்க சொந்தக் காசுக்கு. ஃபண்டுல டிவிடெண்ட் மாதிரி வர்ற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, ஆனா அது நம்ம மதிப்புல இருந்தே எடுத்து நமக்கே குடுக்கறது, வாங்கினவுடனே என்ஏவி அந்த அளவுக்கு இறங்கிடும். அதுக்கு பதிலா காசை மூணாப் பிரிச்சு மாசத்துக்கு ஒரு தடவை 91 நாள் பில் வாங்கிட்டு வந்தா, நாலாவது மாசத்துல இருந்து மாசம் ஒண்ணு முடியும், லாபத்தை எடுத்துக்கிட்டு அசலைத் திரும்பப் போட்டுக்கலாம். 2025 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் இதைத் தானாப் போட்டுக்கற வசதியும் அறிவிச்சாங்க. ஆனா ஆச்சிகிட்ட ஒண்ணு ஒளிக்காம சொன்னேன், வட்டி இறங்கினா அடுத்த தடவை வர்றது குறையும், மாசச் செலவுக்கு நிலையா வேணும்னா போஸ்ட் ஆபீஸ்ல நீண்டகாலத் திட்டம்தான் சரின்னு.

வரி விஷயத்துல இதுல எதுக்கும் தனி சலுகை கிடையாது, எல்லாம் அவங்கவங்க வருமானத்துக்கு ஏத்த ஸ்லாப்தான். கடன் ஃபண்டுல 2023 ஏப்ரலுக்கு அப்புறம் போட்டது எத்தனை வருஷம் வச்சிருந்தாலும் ஸ்லாப் ரேட்தான். எஃப்டியில வட்டி வரம்பைத் தாண்டினா டிடிஎஸ் பிடிப்பாங்க, டி-பில்லுலயும் ஃபண்டை விக்கறதுலயும் இங்க இருக்கறவங்களுக்குப் பிடிக்க மாட்டாங்க, அதுக்காக வரி இல்லன்னு ஆயிடாது. பொதுப்பணம்னா முதல் பேர்ல இருக்கறவர் பான்லதான் எல்லாம் ஏறும், அந்த வரியைப் பொதுக் கணக்குல இருந்து அவருக்குக் குடுக்கணும்னு முதல்லயே எழுதி வச்சுக்குங்க. நாங்க ஆடிட்டரைக் கேட்டுட்டு எழுதிக்கிட்டோம்.

கடைசியா செஞ்சது இது. 3 லட்சம் சேவிங்ஸ்ல. 5 லட்சம் அரசு பேப்பர் அதிகமா உள்ள ஒரு லிக்விட் ஃபண்டுல, நானும் அண்ணனும் யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும்னு. 10 லட்சம் டி-பில்ல, அதுல பாதி ஆவணியிலயே 182 நாளைக்கு, அது மாசியில ஆசாரியோட கடைசித் தவணைக்கு. மீதிப் பாதி அக்டோபர் ரெண்டாவது வாரம் 91 நாளைக்கு, அதுவரைக்கும் அதுவும் ஃபண்டுலயே கிடந்துச்சு, போட்டது பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி முடியற மாதிரி. மொத்தத்தையும் ஒரே இடத்துல போட்டிருந்தா வந்திருக்கறதை விட இதுல மூணு நாலாயிரம் குறையும், அது தெரிஞ்சேதான் செஞ்சேன்.

சேவிங்ஸ்ல எதுக்கு 3 லட்சம் சும்மா கிடக்குதுன்னு தம்பி கேட்டுக்கிட்டே இருந்தான். கார்த்திகையில ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆசாரி போன் பண்ணாரு, பக்கத்து ஊர்ல ஒரு பழைய வீட்டைப் பிரிக்கறாங்க, நம்ம வீட்டுல உள்ள அதே அளவு கை ஓடு, ஒரு லாட்டா இருக்கு, 2 லட்சத்து 10 ஆயிரம் கேக்கறாங்க, காரைக்குடி பழைய சாமான் கடைக்காரங்க காலையில வந்து பாக்கப் போறாங்களாம்னு. அந்த அளவு ஓடு இப்ப யாரும் சுடறதில்ல. ஃபண்டுல இருந்து எடுத்திருந்தா செவ்வாய்க்கிழமைதான் வந்திருக்கும், டி-பில் இருக்கவே இருக்கு ஜனவரியில. அன்னைக்கு ராத்திரியே சேவிங்ஸ்ல இருந்து அனுப்பிட்டு, மறுநாள் காலையில ஆறு மணிக்கு லாரியோட போய் நின்னேன். ஓட்டை ஒண்ணொண்ணா சுண்டிப் பாத்து ஆசாரி எண்ணி ஏத்தினாரு, ஒடைசல் போக 5,400. இப்ப அதெல்லாம் முதல் கட்டுல அடுக்கி சாக்கு போட்டு மூடி வச்சிருக்கு.

தம்பிக்கு போட்டோ அனுப்பினேன். சரிண்ணே, இந்த ஓட்டுக்கு எத்தனை பர்சென்ட்னு கேக்கறான்.